ஒரு ‘டக்’ சத்தமும் பழைய காரின் பின் ஆக்சிலும்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒரு ‘டக்’. மறுபடி மிதித்தால் இன்னொரு ‘டக்’. என் 1972 எம்ஜிபி ஜிடி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய முதல் வாரத்திலிருந்தே, பின்சீட்டுக்கு அடியில் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல இந்தச் சத்தம் கூடவே வந்தது. இன்னும் இரண்டு குறைகள் இருந்தன. வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் பக்கவாட்டில் நகர்ந்து, அப்புறம்தான் நிதானத்துக்கு வரும். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் எஞ்சின் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3,470 சுற்றில் ஓடும். ஒரு மணி நேரம் அப்படி ஓட்டினால் தலைவலியோடுதான் இறங்குவேன்.

மூன்றையும் சேர்த்துத் தீர்த்துவிடலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன். புது லீஃப் ஸ்பிரிங் (பட்டைத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்), நெம்புகோல்போல ஒரு கை ஆடும் பழைய வகை லீவர் ஷாக்குக்குப் பதிலாக நீண்டு சுருங்கும் டெலஸ்கோபிக் ஷாக், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியான கிரவுன் வீலும் பினியனும் வேறு விகிதத்தில். வளைவில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதிதான் டிஃபரன்ஷியல். பல வருஷமாகப் பழைய வண்டிகளோடு பழகிய ஒரு மெக்கானிக் அண்ணனிடம் அதைக் காட்டினேன். முழுதும் படித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, என்ன வேணும்னு எழுதியிருக்கீங்க. என்ன கெட்டிருக்குன்னு எங்கே எழுதியிருக்கீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த இரண்டு வாரம் ஒரு பொருளும் வாங்கவில்லை, அளந்தேன். இந்த வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதலில் டக் சத்தம். சமதரையில், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரத்தில் ஒன்றை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்தேன். தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. தூக்கிய சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, நான் கீழே படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பினேன். அந்த ஷாஃப்ட் ஆக்சிலோடு சேரும் தட்டான பினியன் ஃபிளேஞ்சில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேரே ஆக்சில் கூட்டில் ஒரு கோடு. இரண்டு கோடும் எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் கணக்கு. ஷாஃப்ட் முனையின் மடங்கும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டில் ஆட்டமே இல்லை. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டுகளும் இறுக்கமாக இருந்தன. ஆனால் ஃபிளேஞ்ச் மட்டும் பெருவிரல் அகலத்துக்குச் சும்மாவே திரும்பியது. அதாவது ஆட்டம் டிஃபரன்ஷியலுக்கு உள்ளேதான்.

இந்த வண்டியின் ஆக்சிலில் இது அடிக்கடி வரும் தேய்மானம். டிஃபரன்ஷியல் கூண்டுக்குள் இரண்டு சின்ன பிளானட் கியர்கள் ஒரு பின்னில் சுற்றுகின்றன. அவற்றின் முதுகில் மெல்லிய திரஸ்ட் வாஷர்கள் இருக்கும். அவை தேய்ந்து மெலிந்துவிட்டால் பல்லுக்குப் பல் இடைவெளி கூடிவிடும். கிரவுன் வீலும் பினியனும் நன்றாக இருந்தால் வாஷர்களை மட்டும் மாற்றினாலே சத்தம் அடங்கிவிடும், டிஃபரன்ஷியலை முழுதாக வெளியே எடுக்கவும் வேண்டாம். டக் சத்தம் கேட்டவுடன் முழு ஆக்சிலையும் மாற்றச் சொல்பவர்களிடம் முதலில் இந்த வாஷரைப் பற்றிக் கேளுங்கள்.

நான் அதோடு நிற்காததற்குக் காரணம் விகிதம். இந்த வண்டியில் வந்த விகிதம் 3.909, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரப்பெல்லர் ஷாஃப்ட் 3.909 சுற்றுச் சுற்றும். டாப் கியரில் எஞ்சினின் ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் சுமார் 28.8 கிலோமீட்டர் வேகம். 3.307 விகிதம் போட்டால் அது 34 ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,940 சுற்றுக்கு இறங்கும். என் வண்டியில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றை இன்னும் குறைக்கும் கூடுதல் கியர்) கிடையாது, அதனால் இந்த மாற்றம் எனக்குச் சரி. ஓவர்டிரைவ் இருக்கும் வண்டியில் நான் இதைச் செய்ய மாட்டேன். அதில் ஏற்கனவே டாப் கியரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்று இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் இதையும் சேர்த்தால் லேசான ஏற்றத்திலேயே எஞ்சின் திணறும், கை அடிக்கடி மூன்றாவது கியருக்குப் போகும்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தேன். பின்பக்கம் இடதுக்கும் வலதுக்கும் 18 மில்லிமீட்டர் வித்தியாசம். வலப்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் உடைந்து, அழுக்கும் கிரீஸும் மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. ஸ்பிரிங்கின் பின்முனையைப் பிடிக்கும் ஷேக்கிளின் புஷ்கள் வெடித்துப் பாதி ரப்பர் உதிர்ந்திருந்தது. லீஃப் ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்குவதில்லை. ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் அதுதான். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆக்சில் நகராமல் பிடித்திருப்பது அந்தப் பிளேட்டுகளும் நாலைந்து ரப்பர் புஷ்களும்தான். புஷ் உதிர்ந்தால் ஆக்சில் வளைவில் தன் இஷ்டத்துக்கு நகரும். அந்த ‘ஒரு கணம் பக்கவாட்டில்’ எங்கிருந்து வந்தது என்பது அப்போதே புரிந்துவிட்டது. ஷாக் மாற்றி அதைத் தீர்க்க நினைத்திருந்தேன்.

புது ஸ்பிரிங் ஜோடி வந்தது. மாட்டி இறக்கினேன். பின்பக்கம் 35 மில்லிமீட்டர் தூக்கி நின்றது. ஓடினால் படிந்துவிடும் என்று விற்றவர் சொன்னார். 500 கிலோமீட்டர் ஓட்டியும் 6 மில்லிமீட்டர்தான் படிந்தது. கழற்றி, பழைய ஸ்பிரிங்கோடு தரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வளைவே வேறு என்பது தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து வேறொரு ஜோடி வாங்கினேன். ஆக, மாட்டுவதற்கு முன்பே இரண்டையும் தரையில் வைத்து ஒப்பிடுங்கள்: கண்ணிலிருந்து கண் (முனையிலுள்ள வளையம்) வரை நீளம், நடு வளைவின் உயரம், சென்டர் போல்ட்டின் இடம். பத்து நிமிஷ வேலை. நான் அதைச் செய்யாததால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது.

ஸ்பிரிங் மாட்டும்போது எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு ஒன்று உண்டு. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது, ஆக்சில் தொங்கும் நிலையிலேயே முன் கண்ணின் போல்ட்டை முழு இறுக்கம் கொடுத்துவிடுவது. அந்தக் கண்ணில் இருக்கும் புஷ்ஷில் ரப்பர் உலோகக் குழலோடு ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் தவறாகக் காட்டும். போல்ட்டை விரலால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டு அப்புறம் இறுக்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை, அது உள்ளே சுழலும். ஆனால் சாலையின் அதிர்வை அது அதிகமாக உள்ளே அனுப்பும். நான் முன் கண்ணில் ரப்பரும் ஷேக்கிளில் பாலியூரித்தேனும் போட்டேன். யூ போல்ட்டுகளை 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கினேன். ஒவ்வொன்றும் கால் சுற்றுக்குக் குறையாமல் ஏறியது. நடுவில் இருக்கும் ரப்பர் பேட் அமுங்குவதால் இப்படி ஆகிறது. விட்டுவிட்டால் ஆக்சில் நகர்ந்து புதிதாக ஒரு டக் சத்தம் கிளம்பும்.

இத்தனைக்கும் பிறகு, பழைய லீவர் ஷாக்கோடே ஒரு சுற்று ஓட்டினேன். வளைவு மேட்டில் பக்கவாட்டு நகர்வு போயே போய்விட்டது. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பானார்டு ராடு போடலாம் என்ற எண்ணத்தை அன்றே கைவிட்டேன். பந்தயத்துக்கு வேண்டுமானால் அது தேவைப்படலாம். சாலையில் ஓடும் வண்டிக்கு நல்ல புஷ்களே போதும்.

ஷாக்கை மாற்றியதற்கு வேறு காரணம். வலது லீவர் ஷாக்கின் கையை மேலே தூக்கினால் முதல் கால்வாசி தூரத்துக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. சீல் வழியாக எண்ணெயும் கசிந்தது. லீவர் ஷாக் மட்டமான பொருள் இல்லை. நல்ல நிலையில் இருந்தால், சரியான எண்ணெய் நிரப்பியிருந்தால் அது ஒழுங்காகவே வேலை செய்யும். புதுப்பித்த ஜோடி கிடைத்தால் பலருக்கு அதுவே போதும். நான் டெலஸ்கோபிக் எடுத்தது, இறுக்கத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடியும் என்பதால்தான்.

மாட்டியபின் முதல் ஓட்டத்தில் ஏமாற்றம். சின்னக் குழியில்கூடப் பின்பக்கம் ‘டங்’ என்று இடித்தது. இறுக்கத்தைக் குறைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமாக இடித்தது. அது வேறு ஏதோ என்று சந்தேகம் வந்தது. பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை ஷாக்கின் தண்டைச் சுற்றி இறுக்கி, ஷாக்கின் உடலை ஒட்டித் தள்ளி வைத்தேன். ஷாக் அமுங்கும்போது உடல் அந்த டையைத் தண்டின் வழியே தள்ளிக்கொண்டு போகும். எவ்வளவு தூரம் அமுங்கியது என்று டை நிற்கும் இடம் சொல்லிவிடும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். டை தண்டின் கடைசி வரைக்கும் போய், ஒட்டி நின்றது. ஆக்சில் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்க அதற்கு மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் தூசி படிந்தபடி, யாரும் தொடாததுபோல அப்படியே இருந்தது. அதாவது, ரப்பர் தாங்க வேண்டிய அடியை ஷாக்கின் அடிப்பாகம் தாங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஷாக் கெடுவதோடு, மேல் பிராக்கெட் பிடித்திருக்கும் சேசிஸும் பிளந்திருக்கும்.

கிட்டில் வந்த கீழ் பிராக்கெட் 20 மில்லிமீட்டர் உயரமாக இருந்ததுதான் காரணம். அதை மாற்றியபின் டை பாதிக்குச் சற்று மேலே நின்றது, இடியும் நின்றது. டெலஸ்கோபிக் கிட் வாங்குகிறவர்கள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் ஆக்சிலைப் பம்ப் ஸ்டாப் தொடும் வரை தூக்கி, அந்த நிலையில் ஷாக்கில் இன்னும் அமுங்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கீழே தொங்கும் நிலையையும் பாருங்கள்: இந்த வண்டியில் ஆக்சில் அதிகம் இறங்காமல் தடுக்க ரிபவுண்ட் ஸ்டிராப் இருக்கிறது, அதைக் கழற்றிவிடக் கூடாது. ஷாக் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதும் முக்கியம். 45 டிகிரி சாய்ந்தால் நிமிர்ந்து நிற்கும் ஷாக்கின் பாதி வேலையைத்தான் அது செய்யும்.

இனி டிஃபரன்ஷியல். இங்கேதான் அதிக நாள் போனது.

எம்ஜிபியில் இரண்டு வகை ஆக்சில் உண்டு. ஆரம்பகால ரோட்ஸ்டர்களில் பேஞ்ஜோ வகை; அதில் டிஃபரன்ஷியலைத் தனி யூனிட்டாக முன்பக்கம் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்யலாம். ஜிடியிலும், பின்னால் வந்த ரோட்ஸ்டர்களிலும் இருப்பது குழாய் வகை. அதில் எல்லாம் ஆக்சில் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பின்மூடியைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கையோடு வராது. கூட்டைக் கொஞ்சமாக விரித்துப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். அளவுக்கு மேல் விரித்துவிட்டால் கூடு பழையபடி மூடாது, ஆக்சிலே வீணாகிவிடும். நெம்புகோல் வைத்து நெம்பி எடுத்த ஆக்சில்களைப் பார்த்திருக்கிறேன். பேரிங் உட்காரும் இடமெல்லாம் வடு. டிஃபரன்ஷியலை வெளியே எடுப்பதானால், இந்தக் கருவி கடனாகவாவது கிடைக்கும் வரை மூடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. பழைய ஆக்சில் ஒன்றை வாங்கி மேசையில் வைத்துச் செய்யலாம் என்று நினைப்பவர்கள் சக்கர வகையைப் பார்த்து வாங்குங்கள். ஸ்போக் சக்கர வண்டியின் ஆக்சில் அகலம் குறைவு.

கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தி விற்கப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. விகிதம் மாறும்போது சில ஆக்சில்களில் கிரவுன் வீல் உட்காரும் கூண்டும் மாற வேண்டியிருக்கும், ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டை எப்படியும் வெளியே எடுக்கிறோம், பேரிங்கும் ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மறுபடி கணக்குப் போடத்தான் போகிறோம் என்பதால் லிமிடெட் ஸ்லிப்பையும் அப்போதே போட்டேன். பிறகொரு நாள் தனியாகப் போட்டால் இதே வேலை முழுக்க இன்னொரு தடவை. நான் எடுத்தது கிளட்ச் தட்டு வகை அல்ல, கியர் வகை. அதில் தேயும் தட்டுகள் இல்லை, வழக்கமான ஹைபாய்டு எண்ணெயே போதும், ஸ்டியரிங்கில் எந்த இழுப்பும் தெரிவதில்லை. ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தூக்கிவிட்டால் மட்டும் அது சாதாரண டிஃபரன்ஷியல்போலத்தான் நடந்துகொள்ளும். சாலையில் எனக்கு அது பிரச்சினையாக இருந்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், இந்த எஞ்சினின் சக்திக்குச் சாலையில் லிமிடெட் ஸ்லிப் கட்டாயம் இல்லை. மழையில் குறுகிய வளைவிலிருந்து வெளியே வரும்போது மட்டும் வித்தியாசம் தெரிகிறது.

பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும், கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் எவ்வளவு பேக்லாஷ் (பல்லுக்குப் பல் இடைவெளி) வேண்டும் என்ற இரண்டையும் ஷிம் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். ஒரு ஷிம்முக்கும் அடுத்ததற்கும் இருக்கும் வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவாக இருக்கலாம். டயல் கேஜ் காட்டிய எண்ணை நம்பி மூடிவிட இருந்தேன். அண்ணன்தான் தடுத்தார். “கேஜ் தூரத்தைச் சொல்லும். பல்லு எப்படி உரசுதுன்னு பல்லுதான் சொல்லணும்.”

கிரவுன் வீலின் ஏழெட்டுப் பற்களில் மஞ்சள் நிற மார்க்கிங் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவினோம். அவர் ஒரு மரக்கட்டையால் கிரவுன் வீலை அழுத்திப் பிடித்து எதிர்ப்புக் கொடுக்க, நான் பினியனை ஸ்பேனரால் இரண்டு பக்கமும் திருப்பினேன். பினியன் உரசிய இடத்தில் பேஸ்ட் வழித்துப்போய், இரும்பு பளபளவென்று நீள்வட்டமாகத் தெரிந்தது. அந்தத் தடம் பல்லின் உயரத்தில் நடுவில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது பல்லின் அடிவேரை ஒட்டிக் கிடந்தது. பினியன் ஆழமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். நுனியை ஒட்டி இருந்தால் பினியன் போதுமான ஆழத்தில் இல்லை. பினியனைக் கழற்றி, மெலிதான ஷிம் போட்டு, மறுபடி பேஸ்ட். நான்காவது தடவையில்தான் தடம் நடுவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் பேரிங்கை அழுத்தி எடுத்து, அழுத்திப் போட்டு, ஒரு முழு நாள். பினியன் பேரிங்குகளுக்கு இடையே நசுங்கும் ஸ்பேசர் உள்ள ஆக்சிலாக இருந்தால் இந்தச் சோதனைகளின்போது புதியதைப் போடாதீர்கள். எல்லாம் சரியானபின் ஒரே ஒரு தடவை போட்டு நசுக்க வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கிவிட்டு நட்டைத் தளர்த்தினால் அது பழைய நிலைக்கு வராது, இன்னொன்று வாங்க வேண்டியதுதான்.

எல்லாம் மூடி, எண்ணெய் ஊற்றி வெளியே எடுத்தால், 80 கிலோமீட்டருக்கு மேல் இருக்கை முழுக்க அதிர்வு. புது டிஃபரன்ஷியல் போச்சு என்றே பயந்தேன். இரண்டு நாள் கழித்துக் காரணம் தெரிந்தது. புரப்பெல்லர் ஷாஃப்ட்டை இறக்கியபோது அதன் சறுக்கு மூட்டு கையோடு கழன்று வந்திருந்தது. திரும்பச் செருகும்போது ஸ்பிளைன் (மூட்டின் நீளவாட்டுப் பற்கள்) தள்ளிச் செருகிவிட்டேன். இரண்டு முனையிலும் இருக்கும் யோக்குகள் (கவைபோன்ற பிடிகள்) ஒரே தளத்தில் நிற்க வேண்டும், என்னுடையவை ஒன்றுக்கொன்று கோணலாக நின்றன. சரியாகச் செருகியதும் அதிர்வு போய்விட்டது. இப்போது எந்த ஷாஃப்ட்டைக் கழற்றினாலும் முதலில் மூட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்தபடி ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுகிறேன்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் சில. எண்ணெயை வடிப்பதற்கு முன் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். வடித்த பிறகு அது கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து எண்ணெய் நிரப்பினால் அளவு தவறும், வண்டி சமமாக நிற்க வேண்டும். ஆக்சிலிலிருந்து காற்று வெளியேறும் பிரீதர் துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய்விடும். ஆக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸில் அதன் எடை தொங்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். ஸ்டாண்டு இரண்டும் ஸ்பிரிங்கின் முன் ஹேங்கருக்கு முன்னால், பலமான சேசிஸ் பகுதியில் நிற்கட்டும்.

ஸ்பீடோமீட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் அது கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது. விகிதத்தை மாற்றியபின் நிஜமாக 100 கிலோமீட்டரில் போகும்போது மீட்டர் 85 என்றுதான் காட்டும். குறைத்துக் காட்டும் மீட்டர் ஆபத்து. நிதானமாகப் போகிறோம் என்று நினைத்து வளைவில் நுழைவோம். மீட்டரைத் திருத்த அனுப்பிய மூன்று வாரமும் போனில் ஜிபிஎஸ் வேகத்தை வைத்துத்தான் ஓட்டினேன்.

புதுப் பற்களை ஓட்டிப் பழக்கும் முறையையும் பொறுமையாகச் செய்தேன். முதல் நாள் இருபது நிமிஷம் மெதுவான ஓட்டம், அப்புறம் ஆக்சில் கூடு கைக்குக் குளிரும் வரை ஓய்வு. இப்படி மூன்று தடவை. அடுத்த 800 கிலோமீட்டருக்குப் பாரமும் இல்லை, முழு ஆக்சிலேட்டரும் இல்லை. ஏற்றங்களில் பழைய இழுவை கொஞ்சம் குறைந்தது நிஜம். முன்பு டாப் கியரிலேயே ஏறிய சில இடங்களில் இப்போது மூன்றாவது போட வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையில் கிடைத்த அமைதிக்கு அது எனக்கு முழு சம்மதம்.

800 கிலோமீட்டர் முடிந்த அன்று, சூடு இருக்கும்போதே எண்ணெயை வடித்தேன். நான் போட்டிருந்த டிரெயின் பிளக்கின் காந்த முனையில் சாம்பல் நிறத்தில் பசைபோல ஒரு படலம். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மாவுபோல வழுவழுப்பு, ஒரு துகள்கூட நறநறக்கவில்லை. துடைத்து மாட்டி, புது எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடித்தது. வண்டியை எடுத்து, இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதித்துப் பார்த்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.